முதல் ஐந்து பேருக்கு மட்டும்தானா பலகை?



லேப்பில் பைத்தான் மொழியில் ஒரு சின்ன விளையாட்டு எழுதினேன். மேலேயிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டை எழுத இரண்டு நாள். கடைசியில் வரும் ஸ்கோர் பட்டியலை எழுத இரண்டு வாரம்! ஏன் என்று கேட்கிறீர்களா?

முதல் நாள் மூன்று பேர் ஆடினார்கள். 120, 95, 80 எடுத்தார்கள். பட்டியலில் 95 முதலிடம், 80 இரண்டாமிடம், 120 கடைசி! "டேய், அதிகமா எடுத்தவ நான், என்னை ஏன்டா கீழே தள்ளினே?" என்று வகுப்புத் தோழி சண்டைக்கு வந்துவிட்டாள். தப்பு என்னுடையதுதான். கம்ப்யூட்டரை அணைத்தாலும் ஸ்கோர் அழியக் கூடாது என்று ஃபைலில் எழுதி வைத்தேன். திரும்பப் படிக்கும்போது அது எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். எழுத்தென்றால் அகராதி வரிசை. முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 9 பெரிது, 1 சிறிது. முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் 120 மேலே போனது.

அடுத்து இன்னொரு வம்பு. இரண்டு பேர் 120 எடுத்தார்கள். முதலில் எடுத்தவன் அன்பு, பிறகு எடுத்தவள் வள்ளி. பட்டியலிலோ வள்ளி மேலே! ஸ்கோரையும் பெயரையும் ஜோடியாக வைத்து இறங்குவரிசை கேட்டிருந்தேன். ஸ்கோர் சமமானால் பைத்தான் பெயரை ஒப்பிடும். 'வ' பின்னால் வரும் எழுத்து, ஆகவே இறங்குவரிசையில் முன்னால் வந்துவிட்டது. பெயரின் முதல் எழுத்தா ஒருத்தர் இடத்தை முடிவு செய்வது? ஸ்கோரை மட்டும் பார் என்று 'கீ' கொடுத்தேன். டிம் பீட்டர்ஸ் 2002-ல் பைத்தானுக்காக எழுதிய வரிசைமுறை, சமமானவர்களை வந்த வரிசையிலேயே விட்டுவிடும். இருவருக்கும் ஒரே இடம் என்று நான் எண் போட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. முதல் ஐந்து பேரை மட்டும்தானே காட்டுகிறேன், மற்றவர்கள் எங்கே?

நான் பத்தாவது பாஸ் பண்ணியபோது தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் நிற்கவில்லை. எங்கப்பா மூட்டை தூக்குபவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு, "உன் பேரு எங்கடா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பலகையில் அதற்கு இடமில்லை.

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டு, அதிகபட்ச ஸ்கோர் ஒன்றை மட்டும் திரையில் காட்டியது. அன்றைய மெஷினில் இடம் கொஞ்சம். இன்று நமக்கு என்ன குறை? பட்டியலை ஐந்தோடு வெட்டுவது ஒரே ஒரு வரி. அதை எழுதுவது கம்ப்யூட்டர் இல்லை, நாம்தான்!

"ஜெயித்தவனைக் கொண்டாட வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் கொண்டாட வேண்டும். முதல் ஐந்து பேரை நானும் எடுக்கவில்லை. அதன் கீழே மூன்று வரி சேர்த்தேன், அவ்வளவுதான்: உங்கள் இடம், போன தடவை எடுத்தது, இந்தத் தடவை எடுத்தது.

எப்போதும் கடைசியில் இருக்கும் நண்பன் ஒருவன் ஆடினான். போன தடவை 12, இந்தத் தடவை 19 என்று வந்தது. "மச்சான், ஏழு ஏறியிருக்குடா!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆட உட்கார்ந்தான். அவன் இடம் மாறவில்லை. அவன் முகம் மாறியது.

தோழர்களே! நாளை நாம்தான் புரோகிராம் எழுதப் போகிறோம். ஸ்கோரைச் சரியாக வரிசைப்படுத்துவோம். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும் அவன் ஏறிய படியைக் காட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை