ஜெர்மன் கற்க ஒரு பருவம் போதாது

ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக எடுக்கும் அமெரிக்க மாணவர்கள் ஜெர்மனியில் தங்கிப் படிக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1931இல் டெலவேர் பல்கலைக்கழகம் மூன்றாமாண்டு மாணவர்களை மியூனிக்குக்கு அனுப்பத் தொடங்கியபோதும், இடையில் நின்ற அந்த ஏற்பாட்டை 1953இல் வெய்ன் பல்கலைக்கழகம் மீண்டும் தொடங்கியபோதும், வெளிநாட்டுப் படிப்பு என்றால் முழுதாக ஓராண்டு. இன்று ஒரு பருவமே வழக்கம். சில வாரக் கோடைப் பயணத்துக்கும் அதே பெயர். மொழித்துறைகள் பழைய ஓராண்டு முறைக்குத் திரும்ப வேண்டும்.

முதல் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில்தான் முடிகின்றன. அமெரிக்க இலையுதிர் பருவமோ ஆகஸ்ட் கடைசி வாக்கில் தொடங்கிக் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டும் பொருந்தாததால், அனுப்பும் நிறுவனங்கள் அங்கேயே தனி வகுப்பறை பிடித்து, தனி ஆசிரியர் வைத்துப் பாடம் நடத்துகின்றன. அங்கே பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அமெரிக்கர். மணி அடித்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. இதற்கு விமானச் சீட்டு எதற்கு?

உள்ளூர் மாணவர்களோடு உட்கார்ந்தால் கிடைப்பது வேறு. கருத்தரங்க வகுப்பில் எல்லார் முன்னிலும் கருத்துரை வாசிக்க வேண்டும். பருவம் முடிந்த பிறகு, வகுப்பில்லாத வாரங்களில், 'ஹௌஸார்பைட்' எனப்படும் நீண்ட ஆய்வுக் கட்டுரையை நூலகத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஜெர்மன் கல்விப் பண்பாட்டின் உயிர்நாடி அந்தக் கட்டுரைதான். டிசம்பரில் ஊர் திரும்புகிறவருக்கு அது வாய்ப்பதே இல்லை.

மொழியும் அவசரத்துக்கு வசப்படுவதில்லை. 1878இல் ஹைடல்பெர்க்கில் தங்கி ஜெர்மன் படித்த மார்க் ட்வைன், வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிவரை காக்க வைப்பதைக் கேலி செய்து எழுதினார். (தமிழருக்கு அந்தக் குறை தோன்றாது.) உண்மையான கடினம் இலக்கணத்துக்கு வெளியே இருக்கிறது. நீ, நீங்கள் போன்ற 'டு', 'ஸீ' இரண்டில் எதை யாரிடம் சொல்வது, எப்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது என்பதைப் பழகித்தான் அறிய வேண்டும். லைப்ஸிக்கில் 'ஃபியர்டல் ட்ரை' என்றால் மணி 2.15, மூன்றாவது மணியில் கால் பங்கு ஆகியிருக்கிறது என்று கணக்கு. வடக்கிலிருந்து வரும் ஜெர்மானியரே இதில் தடுமாறுவதுண்டு. வந்த முதல் மாதங்களில் மாணவர் திணறினால், எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அந்த இரக்கம் தேவைப்படாத நிலை வரும் முன்பே ஒரு பருவம் தீர்ந்துவிடுகிறது.

ஓராண்டுக்குச் செலவு அதிகம் என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் வாழ்க்கைச் செலவு உண்டு. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. ஆகவே ஓராண்டைக் கட்டாயமாக்கும் துறை உதவித்தொகையும் தர வேண்டும். அங்கே எழுதிய தேர்வுக்கும் கட்டுரைக்கும் மதிப்பெண் புள்ளிகளை இழுத்தடிக்காமல் ஏற்கவும் வேண்டும். தங்குமிடம் அமெரிக்கருக்கென ஒதுக்கிய விடுதியாக இல்லாமல், ஜெர்மன் மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் 'வே-கே' வீடாக இருந்தால் சமையலறையிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும்.

ஓராண்டுக்கு வழியே இல்லாதவரைக் கோடைப் பருவத்துக்கு அனுப்பலாம். மார்ச்சில் போய் மொழி வகுப்பில் சேர்ந்தால், ஏப்ரல் முதல் ஜூலை வரை உள்ளூர் வகுப்புகளில் ஒரு பருவத்தை முழுமையாக முடித்து, ஊர் திரும்பிய பிறகும் கட்டுரையை எழுதி அனுப்பலாம்.