துணைவேந்தர் நாற்காலிக்கு இவ்வளவு சண்டை... ஆய்வுக்கூடத்துக்குக் காசு தர்றது யாரு?

சென்னை கிண்டியிலிருந்து அடையாறு நோக்கி சர்தார் படேல் சாலையில் வந்தால், டிராஃபிக் இல்லாத நாளில் அதிக நேரம் ஆகாது. அதற்குள் அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி மெட்ராஸ் என நான்கு ஆராய்ச்சி மையங்களைக் கடந்துவிடலாம். ஒரே ரோடு, ஒரே வெயில். ஆனால் செலவுக் கணக்கை எழுதுபவர்கள் வேறு வேறு. தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐஐடியும் டெல்லியின் பணத்தில் ஓடுகின்றன. மற்ற இரண்டும் மாநிலச் சட்டத்தின் கீழ் நடப்பவை.

அந்த இரண்டிலும் துணைவேந்தர் நாற்காலி காலியானது. சென்னைப் பல்கலையில் 2023 ஆகஸ்ட்டில், அண்ணா பல்கலையில் 2024 ஆகஸ்ட்டில். பதவிக்காலம் முடிந்தவர் கிளம்பினார், அடுத்தவர் வரவில்லை. பொறுப்பு ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது.

இந்த விஷயம் செய்தியில் வரும்போதெல்லாம் 'ஆளுநர் - அரசு மோதல்' என்ற தலைப்பில்தான் வரும். மோதல் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி சத்தமில்லாமல் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச இரண்டு தரப்புக்குமே அவ்வளவு ஆர்வம் இல்லை.

வேந்தர் பதவி எங்கிருந்து வந்தது?

1857-ல் பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை பிரிட்டிஷ் அரசு தொடங்கியபோது, மாகாண ஆளுநரே வேந்தர் என்று எழுதிவைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் மாநிலச் சட்டங்கள் அதே வழக்கத்தைத் தொடர்ந்தன. அரசமைப்புச் சட்டத்தில் ஆளுநர்தான் வேந்தர் என்று எங்கும் இல்லை. சட்டமன்றம் கொடுத்த பதவி அது. அதே சட்டமன்றம் வேறு மாதிரியும் எழுதலாம். தமிழ்நாட்டின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல்வர்தான் வேந்தர். ஆளுநர்களுக்கு இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று 2010-ல் பூஞ்சி ஆணையமும் சொல்லிவிட்டது.

அதனால் இது ஒரு கட்சியின் கோரிக்கை மட்டும் இல்லை. 1994-ல் ஜெயலலிதா ஆட்சி, முதல்வரே வேந்தர் என்று மசோதா கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் ஸ்டாலின் ஆட்சி, துணைவேந்தரை மாநில அரசே நியமிக்கும் என்று மசோதா கொண்டுவந்தது. ஆட்சியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது.

அதன் பிறகு நடந்தது நீதிமன்றப் படிக்கட்டு ஏற்றம். 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவற்றில் பெரும்பாலானவை துணைவேந்தர் நியமனம் பற்றியவை. ஐந்தே நாளில் சட்டமன்றம் கூடி மறுபடியும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, பிரிவு 142-ன் கீழ் 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளலாம் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துச் சொன்னது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளலாம்' என்பதும் சரியல்ல என்பது அதன் சாரம்.

சிக்கலின் இன்னொரு முனை டெல்லியில், யுஜிசி அலுவலகத்தில் இருக்கிறது. துணைவேந்தர் தேடல் குழுவில் யுஜிசி தலைவரின் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 2018 விதி. 2023 செப்டம்பரில் ஆளுநர் அந்தப் பிரதிநிதியையும் சேர்த்துக் குழு அமைத்தார். அவரை விட்டுவிட்டுத் தமிழக அரசு தனியாக அறிவிப்பு வெளியிட்டது. இந்த விதியை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2022-ல் குஜராத்திலும் கேரளத்திலும், யுஜிசி விதிப்படி நடக்கவில்லை என்று துணைவேந்தர் நியமனங்களையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதி இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்று பேர் தேடல் குழுவில் வேந்தரின் ஆள் ஒருவர், யுஜிசியின் ஆள் ஒருவர், பல்கலையின் ஆள் ஒருவர். மாநில அரசுக்கு இடமே இல்லை. மூன்றே நாளில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

சரி, சம்பளம் யாரு போடறது?

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒரு மாநிலப் பல்கலையின் அன்றாடச் செலவில், அதாவது சம்பளம், ஓய்வூதியம், கரண்ட் பில் இவற்றில், டெல்லியின் பங்கு மிகக் குறைவு. மாநில அரசின் மானியம் ஒரு பகுதி. மீதியைப் பல்கலையே தேட வேண்டும். இணைப்புக் கல்லூரிகள் கட்டும் தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி இவைதான் அதற்கு வழி. கல்லூரிகள் தன்னாட்சி பெறப் பெற தேர்வு வருமானம் குறைந்தது. தொலைநிலைக் கல்விக்கு விதிகள் இறுகியதில் அந்த வருமானமும் இளைத்தது. ஓய்வூதியச் செலவு மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலையின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. பாக்கி என்று சொல்லப்பட்டது 400 கோடி ரூபாய்க்கும் மேல். அரசுப் பல்கலைக்கு வரியா என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். விதி இதுதான்: ஒரு கல்வி நிறுவனத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசிடமிருந்து வந்தால், 'அரசின் பணத்தில் நடப்பது' என்ற வகையில் வரிவிலக்கு தானாகவே கிடைக்கும். தணிக்கை ஆட்சேபங்களைக் காரணம் காட்டி மாநில மானியம் சுருங்கியது. பாதிக் கோட்டுக்குக் கீழே போனதும், அந்த வகையிலிருந்து பல்கலை நழுவியதாக வரித் துறை எடுத்துக்கொண்டது.

எளிதாகச் சொன்னால், 1857-ல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் வரித் துறையின் கணக்கில் போதுமான அளவு 'அரசு' இல்லை. துணைவேந்தரை யார் நியமிப்பது என்று இரண்டு அரசுகள் உச்ச நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது நடந்தது.

நாற்காலி காலியானால் ஆய்வு ஏன் நிற்கும்?

துணைவேந்தர் வெறும் பட்டமளிப்பு விழா ஆள் இல்லை. பேராசிரியர் நியமனத் தேர்வுக் குழு அவர் தலைமையில்தான் கூடும். அவர் இல்லாவிட்டால் நியமனம் தள்ளிப்போகும். ஆசிரியர் இல்லாத துறையிலிருந்து ஆய்வுத் திட்டம் கேட்டு விண்ணப்பிக்க ஆளே இருக்காது. நாடு முழுக்க மாநிலப் பல்கலைகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஆசிரியர் பணியிடங்கள் காலி என்கிறது 2025 பிப்ரவரியில் வந்த நிதி ஆயோக் அறிக்கை. அதே அறிக்கையின் இன்னொரு கணக்கு: இந்தியாவில் உயர்கல்வி படிப்பவர்களில் 81 சதவீதம் பேர் மாநிலப் பல்கலைகளையும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளையும் நம்பித்தான் இருக்கிறார்கள்.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியா கிட்டத்தட்ட 5 சதவீதம் செலவிடுகிறது. இருக்கிற கொஞ்சமும் எங்கே போகிறது? அறிவியல் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த மத்திய வாரியமான செர்ப் தரப்பிலிருந்து 2023-ல் சொல்லப்பட்ட கணக்குப்படி, அதன் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்குப் போனது. 300-க்கும் மேற்பட்ட மாநிலப் பல்கலைகளுக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீதம். போதாததற்கு, 23 ஐஐடிகளுக்கு 2025-26 மத்திய பட்ஜெட் தனியாக ஒதுக்கியது 11,000 கோடிக்கும் மேல். ஐஐடிகள் தப்பு செய்யவில்லை. நல்ல விண்ணப்பம் போட்டு வாங்குகிறார்கள். ஆனால் நல்ல விண்ணப்பம் போடுவதற்கே ஆளும் கருவியும் வேண்டுமே.

செர்ப்பின் இடத்துக்கு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. அதன் ஆட்சிக் குழுவுக்குப் பிரதமரே தலைவர். ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற வெளியிடங்களிலிருந்து வர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனி தன் பணத்தைக் கொடுக்கும்போது, வங்கிக் கணக்கே முடங்கிய, தலைமை இல்லாத பல்கலையைத் தேடிப் போகுமா, ஐஐடி வாசலுக்குப் போகுமா? மாநிலப் பல்கலைகளை இழுத்துக்கொள்ள 'பேர்' என்ற திட்டமும் உண்டு. பெரிய நிறுவனம் மையமாக இருக்கும், சிறிய பல்கலைகள் அதைச் சுற்றி இணையும். உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் திட்டத்தின் அமைப்பே சொல்கிறது, யார் நடுவில், யார் ஓரத்தில் என்று.

எப்போதும் இப்படித்தானா?

இல்லை. அதற்குச் சாட்சி அதே சர்தார் படேல் சாலையில் இருக்கிறது. 1952-ல் சென்னைப் பல்கலை இயற்பியல் துறைக்குத் தலைவராக 30 வயது இளைஞர் ஒருவரைத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் கொண்டுவந்தார். பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். அடுத்தாற்போல் இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரி வாங்கி ஆய்வைத் தொடங்கினார். 1954-ல் கொலாஜனின் மூவிழை அமைப்பு நேச்சர் இதழில் வந்தது. 1963-ல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றைக்கும் உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மாநிலப் பல்கலையின் ஒரு துறையில் நடந்த வேலை அது.

முதலியார் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர். யாரும் அவ்வளவு காலம் ஒரே நாற்காலியில் இருக்க வேண்டும் என்று இன்று கேட்க மாட்டோம். ஆனால் ஆய்வாளரைத் தேடிப் பிடித்து, இடம் கொடுத்து, பத்து வருஷம் பொறுத்துப் பார்க்கும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு அப்போது இருந்தது. அவர் ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்திலேயே ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய்விட்டார்.

எது நியாயம்?

மாநில மக்களின் வரியில் நடக்கும் பல்கலையின் தலைமையைத் தேர்ந்தெடுப்பதில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குப் பங்கு இருக்க வேண்டும். அந்த வாதத்தில் தமிழகம் சொல்வது சரி. தேடல் குழுவிலிருந்து மாநிலத்தைத் துடைத்தெடுக்கும் யுஜிசி வரைவு கூட்டாட்சிக்குப் பொருந்தாது. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு ஒரே கால் பணம்தான். மானியத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு நியமன உரிமையை மட்டும் கேட்டால் அந்தக் கால் ஆடும். டெல்லிக்கும் அதே அளவுகோல்தான். சம்பளம் கொடுக்காமல், ஆய்வு நிதியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொடுத்துவிட்டு, விதி மட்டும் எழுதுவது எந்தக் கணக்கு?

சட்டமன்றம் அடுத்த முறை இந்தச் சட்டங்களைத் திருத்தும்போது, 'யார் நியமிப்பது' என்ற வரியோடு இன்னும் மூன்று வரிகள் சேர்க்கலாம். துணைவேந்தர் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தேடல் குழு அமைய வேண்டும். புதியவர் வரும்வரை முழு அதிகாரத்தோடு பொறுப்பு வகிக்கப் போவது ஒரு கல்வியாளர், அரசுச் செயலாளர் அல்ல. சம்பளமும் ஓய்வூதியமும் எந்த விகிதத்தில் அரசு தரும் என்பது ஆண்டுதோறும் கெஞ்சி வாங்கும் மானியமாக இல்லாமல் சட்டத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆளுநரோ யுஜிசியோ ஆட்சேபம் சொல்லலாம், வழக்கும் போகலாம். மூன்றாவதை எழுதத் தேவைப்படும் சம்மதம் தமிழகத்தின் நிதித் துறையுடையது.