கூட்டத்துக்குப் புறப்படும் முன்…

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் எங்கள் பள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு காவடிப் பேச்சுதான். திருத்தணி இத்தனை பக்கத்தில் இருக்கும்போது போகாமலிருக்க மனசு வருமா? போகலாம், தப்பில்லை. ஆனால் லட்சக்கணக்கில் ஜனம் கூடும் இடமாயிற்றே, சகோதரிகளே! கொஞ்சம் முன்யோசனை வேண்டாமா?

2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்துபோனார்கள். ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளும் தயாராகத்தான் இருந்தன. ஆனால் உச்சி வெயில்; முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப, சாலைகள் அடைத்துக்கொண்டன. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். நின்றபடியே நெஞ்சு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் போகிறவர்களே அதிகம்.

அதனால் டாக்டருக்கும் முன்னால் வரவேண்டியவை மூன்று: நிழல், குடிதண்ணீர், ஆம்புலன்ஸ் நுழைய ஒரு காலி வழி. உங்கள் ஊர் விழாக் கமிட்டியில் தெரிந்தவர்கள் இருந்தால் இதைக் கேட்டு வையுங்கள். முதலுதவிப் பந்தலும் ஒரு மூலையில் ஒன்றே ஒன்று என்றால் போதாது.

நம் பங்குக்குச் செய்யக்கூடியவை:

* ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

* என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுக்கொண்டு, விரதம் என்று சாப்பிடாமல் கிளம்ப நான் விடுவதே இல்லை. மயக்கம் வந்துவிடும்.

* குழந்தையின் சட்டைப் பையில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

* வெயிலில் யாருக்காவது உடம்பு அனலாய்ச் சுட்டு, பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

* நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டத்தோடு நகர்ந்தபடி மெல்ல ஓரத்துக்கு ஒதுங்குங்கள். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியவே குனியாதீர்கள்.

கூட்டம் மூச்சு முட்டுகிற மாதிரி தெரிந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். முருகன் எங்கேயும் போய்விட மாட்டான். அடுத்த வாரம் நிதானமாகப் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம்.