வண்ணப்பூச்சுக்குப் பின்னால் ஓர் அமானிதம்

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. வேலையில் பாதிக்கு மேற்பட்டதை ஆர்வலர்களே செய்திருந்தால், அதனைச் சோதனை வகை விமானமாகப் பதிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அத்தகைய விமானம் பிற்காலத்தில் கைமாறும்போது, வாங்குபவரின் கண் முதலில் பளபளக்கும் வண்ணப்பூச்சின் மீதே விழுகிறது. கைத்திறனை அதைக் கொண்டு அளப்பது பெரும் பிழை என்பது நமது கருத்து.

பாடகர் ஜான் டென்வர், பிறர் கட்டிய லாங்-ஈஸி விமானம் ஒன்றை வாங்கினார். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் அது வீழ்ந்து அவர் இறந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியைக் கட்டியவர், வரைபடம் காட்டிய இடத்தில் அன்றி, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதனைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தம்மையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியதால் அவர் கட்டுப்பாட்டை இழந்தார் என விசாரணை முடிவு கூறிற்று. விமானியின் போதாத முன்னேற்பாட்டுடன், கட்டியவரின் அந்த முடிவையும் அது காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆகவே, மூடிகளைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். ரிவெட்டின் அடித்த முனை, அதன் தண்டைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகன்றிருக்கிறதா? ரிவெட்டைச் சுற்றிக் கரிய கறை படிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம். பூட்டுக் கம்பி, போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்கிறதா? மின்கம்பிகள் தகட்டின் விளிம்பில் உராய்கின்றனவா? யாரும் பார்க்காத மூலையில் ஒருவர் செய்த வேலையே அவருடைய உண்மையான வேலை.

கட்டுமானக் குறிப்பேட்டையும் படங்களையும் கேட்டுப் பெறுதல் அவசியம். வரைபடத்திலிருந்து எங்கே விலகினீர்கள், ஏன் என்று கட்டியவரிடமே வினவ வேண்டும். ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்யக் கட்டியவர் பெற்ற சான்றிதழ், விமானத்தோடு வாங்குபவருக்கு வந்து சேராது. எனவே அவ்வகை விமானத்தை அறிந்த, விற்பவரைச் சாராத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு முன்னதாகவே சோதிப்பது அறிவுடைமை. அதற்காகும் கூலியை வீண்செலவு என எண்ணலாகாது.

விற்பவருக்கும் பொறுப்புண்டு. சரக்கின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருப்பதை நாம் அறிவோம். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைப்பவன் பிறர் பொருளைக் கெடுக்கிறான்; விமானத்தின் குறையை மறைப்பவனோ பிறர் உயிரோடு விளையாடுகிறான். தாம் கட்டியதைத் தம் பிள்ளையை ஏற்றி அனுப்பும் மனத்தோடு விற்பவரிடமே நாம் வாங்க வேண்டும்.