பெறுவது தியாகம் அல்ல

குழந்தை பெறுவது தியாகம், வேண்டாம் என்பது சுயநலம் என்ற வாதத்தைக் கேரளத்தின் வரலாறே மறுக்கிறது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1975-இல் ஐ.நா.வுக்காகத் தயாரித்த அறிக்கை, அங்கே பிறப்பு விகிதம் குறைந்ததைப் பெண் கல்வியோடும் சிசு மரணம் குறைந்ததோடும் இணைத்துக் காட்டியது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பெற்றோர் குறைவாகப் பெற்றார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கேரளத்தின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் பெறும் சராசரிப் பிள்ளைகள், 1.8. அந்த மக்களுக்குப் பிள்ளைப் பாசம் வற்றிவிட்டதா? இல்லை, பெற்ற ஒன்றிரண்டு பேரையும் நன்றாகப் படிக்கவைத்தார்கள்.

பெறலாமா என்று யோசிக்கும்போது அந்தக் குழந்தை இல்லவே இல்லை. இல்லாத ஒருவருக்காக யார் எதைத் தியாகம் செய்ய முடியும்? அந்த முடிவு நம் ஆசையிலிருந்தே வருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தியாகம் என்று ஒன்று உண்டென்றால் அது தூக்கம் தொலைத்து வளர்ப்பதில் இருக்கிறது. பெற்றவர்கள் வளர்க்க இயலாத குழந்தைகளை விட்டுச்செல்வதற்கான திருவனந்தபுரத்து அம்மத்தொட்டிலில் விடப்பட்ட குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பவருக்கும் அது முழுதாக உண்டு. முதுமையில் யார் பார்ப்பார்கள் என்பார்கள். அந்தக் கேள்வியே பிள்ளையைக் காப்பீடாக்கிவிடுகிறது. பிள்ளையில்லாதவர்களை அடுத்த தலைமுறையின் வரிதான் தாங்குகிறது என்றால், அந்தத் தலைமுறை படிக்கும் அரசுப் பள்ளிக்கு இவர்களும் வரி கட்டியவர்கள்தான்.