வயதுக்கேற்ற வகுப்பு இருக்கிறது, வயதுக்கேற்ற புத்தகம்?

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வட்டார வள மையம் ஒன்றிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர் எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றியோ பணி நிரந்தரம் பற்றியோ அல்ல, அதைப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. நான் கேட்பது புத்தகம். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் வகுப்புத் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளுக்கான புத்தகம்.

இவர்களில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்கள் உண்டு. காது கேளாததால் மொழி தாமதமாக வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஒவ்வொருவர் சிக்கலும் வேறு. ஆனால் கையில் கொடுக்கப் புத்தகம் தேடினால் அத்தனை பேருக்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது: முயலும் ஆமையும்.

பதினைந்து வயதுப் பையனிடம் முயல் படம் போட்ட புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். வாங்க மாட்டான். வாங்கினாலும் வெளியே எடுக்க மாட்டான். பக்கத்து பெஞ்சுக்காரன் கண்ணில் பட்டால் வருஷம் முழுக்கக் கேலிதான். அதே பையன் கடைத்தெருவில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரையும் விடுவதில்லை. காதுகுத்து, கோயில் கொடை, கபடிப் போட்டி என்று நின்று வாசிக்கிறான். பெரிய எழுத்து, வரிக்கு இரண்டு மூன்று சொல், பக்கத்திலேயே முகம், தெரிந்த ஊரின் பெயர். அதற்கும் மேலே, முதல் பரிசு எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டிய அவசரம். எளிய வாசிப்புக்கு வேண்டியதெல்லாம் அந்த பேனரில் இருக்கிறது. பள்ளி நூலக அலமாரியில் அவனுக்கென்று அப்படி ஒன்று இல்லை.

எளிமையாக்குவது என்றால் பாடத்தைச் சுருக்குவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "பெருமழையால் நிரம்பிவழிந்துகொண்டிருந்த ஏரியின் கரை உடைந்துவிடாமலிருக்க ஊர்மக்களனைவரும் ஒன்றுதிரண்டனர்." ஏழே சொல்தான். ஆனால் இரண்டாவது சொல்லில் மட்டும் 14 எழுத்து. அதன் நடுவில் வரும் 'கொ'வில் கொம்பு முன்னே, கால் பின்னே, ஒலியோ நடுவில் நிற்கும் ககரத்தில் தொடங்குகிறது. அங்கேயே பிள்ளை நின்றுவிடுகிறது, கரை உடைந்ததா இல்லையா என்பது வரை போவதே இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "பெரிய மழை பெய்தது. ஏரி நிரம்பி வழிந்தது. கரை உடைந்துவிடும் என்று ஊருக்குப் பயம். எல்லாரும் ஏரிக்கு ஓடினார்கள்." சொற்கள் இரண்டு மடங்காகிவிட்டன, பதற்றம் துளியும் குறையவில்லை. சந்தி பிரித்து, வாக்கியத்துக்கு ஒரு செய்தி வைத்து, விஷயத்தை மட்டும் வயதுக்குத் தக்கபடி எழுதுவது தனி வேலை. அதற்குப் பழகிய கை வேண்டும்.

பிற நாடுகளில் இதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். ஸ்வீடனில் 1984 முதல் எளிய மொழியிலேயே ஒரு செய்தித்தாள் வருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1998இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம், வாசிக்கச் சிரமப்படும் வளரிளம் பிள்ளைகளுக்காகப் பெயர்பெற்ற எழுத்தாளர்களையே எழுதவைக்கிறது. கண் கூசாத வெளிர்மஞ்சள் தாளில், இடைவெளி விட்டு அச்சிடுகிறது. பார்த்தால் மற்ற நாவல்களைப் போலத்தான் இருக்கும், யாருக்காக வந்தது என்று அட்டை காட்டிக்கொடுக்காது.

நாமும் வெறுங்கையோடு இல்லை. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை நடத்துவது உங்கள் துறைதான். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் புத்தகங்களைப் பிரித்ததும் உங்கள் துறைதான். அந்த நல்ல எண்ணத்தை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோகச் சொல்கிறேன். முதல் படியில் நிற்பவர் எல்லாரும் சின்னப் பிள்ளைகள் அல்லர், மீசை முளைத்தவர்களும் நிற்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. பதின்மூன்று வயதில் வயதுக்கு வந்த மாணவிக்கு மாதவிடாய் என்றால் என்ன, யார் தொட்டால் தப்பு, யாரிடம் சொல்ல வேண்டும், 1098க்கு எப்படிக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவள் வாசித்துப் புரிந்துகொள்ளும் நடையில் வேண்டும். அணில் கதையில் அது இல்லை. அறிவியல் பாடநூலில் இருக்கிறது, ஆனால் அதை அவளால் வாசிக்க முடியாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வராமலிருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களையும் பிற கற்றல் பொருள்களையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. எல்லாருக்கும் தரும் பாடநூலையே இவர்களுக்கும் தந்தால் கணக்கு நேராகும், படிப்பு நடக்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கொடுக்கிறோம். தேர்வு நாளில் கிடைக்கும் கரிசனம், படிக்கிற நாள்களிலும் கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பவை நான்குதான்.

முதலாவது, 12 முதல் 18 வயது வரையானவர்களுக்கு எளிய தமிழில் ஒரு புத்தக வரிசை. பைக் மெக்கானிக் வேலை, கிரிக்கெட், சினிமா எடுக்கும் விதம், ஜல்லிக்கட்டு, காதல், உடல் மாற்றம், வங்கிக் கணக்கு, முதல் ஓட்டு என எல்லாமே அதில் வரட்டும்.

இரண்டாவது, எழுதத் தெரிந்த எழுத்தாளரையும் சிறப்பாசிரியரையும் சேர்த்து உட்காரவையுங்கள். அச்சுக்குப் போகுமுன் பிள்ளைகளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் திணறும் இடத்தைத் திருத்துங்கள்.

மூன்றாவது, அட்டையில் "சிறப்புக் குழந்தைகளுக்கு" என்று போடாதீர்கள். மற்ற புத்தகங்களோடு ஒரே அலமாரியில் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

நான்காவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒலிவடிவம் சேருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைப் போல யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தில் விடுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும், கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும்.

ஆயிரம் புத்தகம் வேண்டாம். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது பத்துப் புத்தகமாவது எங்கள் வள மையங்களுக்கு வந்து சேர ஆணையிடுங்கள். பிள்ளைகள் கையில் கொண்டுசேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்