சத்தம் எப்போது வருகிறது?

காரில் சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், அங்கே முதலில் கேட்க வேண்டியது 'எப்போ வருது?' என்றுதான். அதைக் கேட்காமலே 'சைலன்சர் போயிருக்கும், மாத்திடலாம்' என்று சொல்கிற இடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். என் மைத்துனர் கொடுத்துவிட்டு வந்தார். நன்றாக ஓடிய பெட்ரோல் கார், ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் உறுமியது. பின்னாலிருந்த சைலன்சர் பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். பில் கட்டி வண்டியை எடுத்தால், தெரு திரும்புவதற்குள் அதே உறுமல்.

கை வைப்பதற்கு முன் நாமே சிலதைப் பார்த்துவிடலாம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ரேஸ் கொடுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், புகை போகும் பாதை இவற்றில்தான் கோளாறு. ஓடும்போது மட்டும் வந்தால், ஆளில்லாத நேர் ரோட்டில் 50-இல் போய்க் காலை எடுத்துப் பாருங்கள். உடனே அடங்கினால் லோடு ஏறும்போது வருகிற சத்தம். ஆக்சில் ஜாயின்ட், மவுண்டிங் பக்கம் தேட வேண்டும். காலை எடுத்த பிறகும் ஊங்காரம் தொடர்ந்து, வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங் அல்லது தேய்ந்த டயர். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்கத்துப் பேரிங். முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக்டக்' என்றால் ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மேட்டில் டாப் கியரிலேயே இழுக்கும்போது சில்லறை குலுங்குவதுபோல் கேட்பது வேறு சங்கதி. சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைப்படி எரியாமல் அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்கிறது. கியரைக் குறைத்தால் போதும். குறைத்தும் தட்டினால் தள்ளிப் போடக் கூடாது, பிஸ்டனுக்கே ஆபத்து.

மைத்துனரின் வண்டியைப் பிறகு பார்த்தவர் எங்கள் பகுதி மெக்கானிக். ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"காலையில எடுத்த உடனே ஜாஸ்தியா இருந்து, சூடானதும் குறையுதா சார்?"

"இல்லண்ணே, எப்பவும் ஒரே மாதிரிதான்."

மேனிஃபோல்டு பேக்கிங் கசிந்தால் குளிர்ந்த இன்ஜினில் 'டிக்டிக்' என்று கேட்டு, சூட்டில் இரும்பு விரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, அது இல்லை. வண்டியைப் பிட் மேல் நிறுத்தி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஈரச்சாக்கை மடித்து, பையனை விட்டு சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் அடைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு கீழே இறங்கினார். பின்னால் போக வழியில்லாத புகை முன்பக்கத்தில் 'புஸ் புஸ்' என்று பீறிட்டது. இன்ஜினுக்குச் சற்றுக் கீழே, அசைவுக்கு வளைந்து கொடுப்பதற்காக வைத்திருக்கும் ஃபிளெக்சிபிள் பைப். அதன் கம்பிப் பின்னல் ஒரு பக்கம் பிய்ந்து, சுற்றிலும் கரி அப்பியிருந்தது. ஐடிலில் புகை குறைவு, கீறல் சும்மா இருக்கும். மிதித்தால் புகையும் அழுத்தமும் ஏறி அந்த வழியாக வெடித்து வெளியேறும். புதுச் சைலன்சர் இதை என்ன செய்யும்?

சைலன்சர் பெட்டியே ஓட்டையாவதும் உண்டு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் பெட்டி முழுச் சூடு ஏறாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். அதற்குப் புதுப் பெட்டிதான் வைத்தியம்.

ஆனால் முன்பக்கக் கசிவைச் சத்தத் தொந்தரவு என்று மட்டும் எண்ணி ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சுத்தமாகும் முன்பே அங்கே புகை வெளியேறினால், கார்பன் மோனாக்சைடு உள்ளே புகலாம். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். நீண்ட பயணத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, கிறுகிறுப்பு என்றால் வண்டியை நிறுத்திவிட்டு, குழந்தைகளோடு இறங்கிக் காற்றாட நில்லுங்கள். சரி செய்யும்வரை அந்த வண்டியை வெளியூருக்கு எடுக்கவே வேண்டாம்.

பைப்பை மாற்றச் சொன்னோம். மெக்கானிக் உடனே மாற்றவில்லை. "இது ஏன் கிழிஞ்சுதுன்னு பாக்கணும் சார்" என்று பானெட்டைத் திறந்தார். பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொல்லி, ஓரமாக நின்று பார்த்தார். இன்ஜின் ஒரு பக்கமாக எம்பி 'டொக்' என்று இறங்கியது. மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இன்ஜின் அளவுக்கு மீறிச் சாய, அந்த இழுப்பையெல்லாம் பைப் வாங்கியிருக்கிறது. மவுண்டிங்கை விட்டுவிட்டுப் பைப்பை மட்டும் மாற்றியிருந்தால், அதுவும் சீக்கிரமே கிழிந்திருக்கும்.

மவுண்டிங் முதலில், பைப் பிறகு. பழைய பைப்பின் பின்னல் மேலேயே வெல்டிங் பற்று வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். வளைய வேண்டிய இடம் விறைத்துப்போனால் பக்கத்தில் விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் அடிபடலாம். முடிந்ததும் அதே ஈரச்சாக்கால் இன்னொரு முறை அடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் எங்கும் 'புஸ்' என்று வரக் கூடாது. புகை சாக்கை மட்டுமே முட்டித் தள்ள வேண்டும்.